ஒலியை நிறுத்துங்கள், பிள்ளைகள் பேசுவார்கள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கத் தொடங்கியபோது, ஆங்கிலப் பாட்டு வீடியோ போட்டுக் காட்டினாலே பேச்சு வந்துவிடும் என்று நம்பினேன். பாடல் வரிகளை அச்செடுத்து, நடுநடுவே சொற்களை எடுத்துவிட்டு, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னேன். நிரப்பினார்கள். சேர்ந்து பாடினார்கள். அறையே அதிர்ந்தது. அடுத்த வாரம், போன வாரம் பார்த்த வீடியோவில் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் கேட்டேன். நாற்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் தமிழில் சொன்னாள்: "பாட்டு முழுசா தெரியும் சார். அதைப் பத்திப் பேசத்தான் தெரியல."

அவள் சொன்னதை யோசிக்க யோசிக்க விஷயம் பிடிபட்டது. பாடும்போது வாயில் வருவது வேறொருவர் எழுதி வைத்த வாக்கியம். அதைத் திருப்பிச் சொல்ல நினைவாற்றல் போதும். ஆனால் திரையில் ஒரு பெண் ஓடுகிறாள், அவள் ஏன் ஓடுகிறாள் என்று சொல்ல வேண்டுமென்றால் வாக்கியத்தை நாமே கட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சி அந்த இடத்தில்தான் நடக்கிறது. அதனால் இப்போது நான் வீடியோவை முதலில் சத்தமில்லாமல்தான் போடுகிறேன். பாட்டு பிறகு வரும்.

புதிதாக இந்த முறையைத் தொடங்கும் ஆசிரியர்கள், டியூஷன் எடுப்பவர்கள், வீட்டில் பிள்ளைகளைப் பேசப் பழக்க விரும்பும் பெற்றோர் எல்லோருக்கும் நான் செய்து பார்த்த வரிசையை அப்படியே தருகிறேன்.

வீடியோவைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. பாடகர் மழையில் நின்று பாடுகிறார், கடற்கரையில் நின்று பாடுகிறார் என்று மட்டும் போகும் வீடியோ நமக்கு உதவாது. "ஹீ இஸ் சிங்கிங்" என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும். ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே ஒருமுறை பாருங்கள். கதை புரிகிறதா? அடுத்து என்ன ஆகும் என்று உங்களுக்கே ஆவல் வருகிறதா? வந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது 'ஆ-ஹா' குழுவின் 'டேக் ஆன் மி'. 1985ல் வந்த வீடியோ. ஒரு பெண் காபிக் கடையில் உட்கார்ந்து காமிக்ஸ் படிக்கிறாள். படத்தில் இருக்கும் பைக் பந்தய வீரன் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறான். பென்சிலால் வரைந்த ஒரு கை தாளிலிருந்து வெளியே நீண்டு அவளைக் கூப்பிடுகிறது. அவள் உள்ளே போகிறாள், பென்சில் சித்திரமாகிறாள். காசு கொடுக்காமல் போய்விட்டாள் என்று நினைத்துக் கடைக்காரப் பெண் காமிக்ஸைக் கசக்கிக் குப்பையில் போட, உள்ளே இருவரையும் ஆட்கள் துரத்துகிறார்கள். இதற்கு மேல் சொன்னால் உங்கள் ஆவல் கெட்டுவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இதைப் பார்க்கும்போது முகங்களைக் கவனியுங்கள். பழைய வீடியோ என்று யாருமே சொன்னதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் குழுவினர் மூவரும் நார்வேக்காரர்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் தாய்மொழி இல்லை. இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். "அவங்களுக்கும் இது செகண்ட் லாங்குவேஜா?" என்று ஒரு பையன் கேட்ட கேள்வியில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தேர்ந்தெடுத்த வீடியோவைக் கடைசி நொடி வரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் வகுப்பு, விடலைப் பருவம். நெருக்கமான காட்சி, குடி, ரத்தம் இருந்தால் விட்டுவிடுங்கள். காட்சி சுத்தமாக இருந்து வரிகள் ஆபாசமாக இருக்கும் பாடல்களும் நிறைய உண்டு, ஆகவே வரிகளையும் தனியாகப் படித்துவிடுங்கள். சோகமும் யோசிக்க வேண்டியதுதான். 'கோல்ட்பிளே' குழுவின் 'தி சயின்டிஸ்ட்' முழுக்கப் பின்னோக்கி ஓடும் வீடியோ, கதையை நேராக்கிச் சொல்ல அருமையான பயிற்சி. ஆனால் அது ஒரு கார் விபத்தில் போய் முடிகிறது. வீட்டில் அப்படி ஒரு இழப்பைச் சந்தித்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அதைப் போடாதீர்கள்.

முந்தின நாள்

ஹைடெக் லேப்போ ஸ்மார்ட் போர்டோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு லேப்டாப்பும் சின்ன ஸ்பீக்கரும் போதும். பத்துப் பேருக்குள் என்றால் ஒரு போனே போதும். இணையத்தை நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள். யூடியூப் செயலியிலேயே ஆஃப்லைனில் சேமிக்க முடிந்தால் சேமித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வகுப்புக்கு முன்பே ஒருமுறை திறந்து, விளம்பரத்தை ஓட்டி முடித்து, முதல் காட்சியில் நிறுத்தி வையுங்கள். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், அடுத்து என்ன வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. கணினியில் 'கே' விசை நிறுத்தும், 'ஜே' பத்து நொடி பின்னால் போகும், 'எம்' ஒலியை அணைக்கும். நிறுத்திய நிலையில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும். இந்த நான்கைந்து விசைகள் விரலுக்குப் பழகிவிட்டால் உங்கள் கண் பிள்ளைகள் மேல் இருக்கும்.

எங்கெங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று நிமிடம், நொடியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு நிமிட வீடியோவுக்கு மூன்று நிறுத்தம் போதும். அதற்கு மேல் நிறுத்தினால் பிள்ளைகளுக்கு எரிச்சல் வரும், அது நியாயமும்கூட.

முதல் பார்வை, சத்தமில்லாமல்

போர்டில் ஏழெட்டுச் சொற்களை எழுதுங்கள். 'டேக் ஆன் மி'க்கு நான் எழுதுவது: பென்சில், காமிக் புக், விங்க், ரீச் அவுட், சேஸ், க்ரம்பிள், டஸ்ட்பின், எஸ்கேப். இவற்றுக்கு அர்த்தம் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். செய்து காட்டுங்கள். ஒரு தாளைக் கசக்கினால் 'க்ரம்பிள்' புரிந்துவிடும்.

சொற்களுக்குக் கீழே வாக்கியத் தொடக்கங்கள் மூன்றை எழுதுங்கள். "ஐ திங்க் ஷீ வில்...", "மேபி ஹீ வான்ட்ஸ் டு...", "இட் லுக்ஸ் லைக்...". இதை நான் ஆரம்பத்தில் செய்யவில்லை, அதனால்தான் பல வகுப்புகள் மௌனத்தில் முடிந்தன. கூச்சம் உள்ள பிள்ளைக்கு வாக்கியத்தின் முதல் மூன்று சொற்கள்தான் பெரிய மலை. அதை நாம் ஏற்றிவிட்டால் மீதியை அவர்களே ஏறிவிடுவார்கள்.

அப்புறம் வீடியோவைப் போடுங்கள். தாளிலிருந்து கை வெளியே வரும் நொடியில் நிறுத்துங்கள். "வாட் வில் ஷீ டூ?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஆசிரியருக்கு இது கொடுமையான பத்து நொடி. அந்த மௌனத்தை நாமே உடைக்கத் துடிப்போம். உடைக்காதீர்கள். ஏழு, எட்டு எண்ணும்போது எங்கிருந்தோ ஒரு குரல் வரும். "ஐ திங்க் ஷீ வில் ரன்." அது போதும். "ஒய்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையைப் பாருங்கள். விடை சரியா தவறா என்று உடனே சொல்லிவிடாதீர்கள், சொன்னால் யூகம் நின்றுவிடும்.

ஒருமுறை அந்தக் கை வெளியே வந்த அதே நொடியில் கரண்ட் போய்விட்டது. மீதி முப்பது நிமிடமும் பிள்ளைகளே கதையை முடித்தார்கள். ஆறு விதமான முடிவுகள். ஒரு குழு அந்தப் பெண்ணைக் காமிக்ஸுக்குள்ளேயே கடை வைக்க வைத்துவிட்டது. திரை அணைந்தால் வகுப்பும் அணைய வேண்டியதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

முதுகைக் காட்டி உட்காருவது

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர், நாற்பது நிமிடப் பீரியட். ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைத்தால் தலைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதே நாற்பது பேரை இருபது ஜோடியாகப் பிரித்து இருபது நிமிடம் பேசவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து நிமிடப் பேச்சு.

ஜோடியில் ஒருவர் திரையைப் பார்த்து உட்காருகிறார், இன்னொருவர் திரைக்கு முதுகு காட்டி. ஒலி கிடையாது. பார்ப்பவர் நடப்பதை நடக்க நடக்க ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், கிரிக்கெட் வர்ணனை போல. முதுகு காட்டியவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, குறைந்தது மூன்று கேள்வி கேட்க வேண்டும். நாற்பது ஐம்பது நொடி ஓடியதும் நிறுத்தி இடம் மாற்றுங்கள். இதில் பேசியே ஆக வேண்டிய தேவை உண்மையானது. கேட்பவருக்குத் தெரியாத ஒன்று சொல்பவருக்குத் தெரியும். மற்ற பயிற்சிகளில் ஆசிரியருக்குத் தெரிந்த விடையைத்தான் ஆசிரியரிடமே சொல்கிறார்கள், அதில் யாருக்கு ஆர்வம் வரும்?

சத்தம் பயங்கரமாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் நடந்துகொண்டே காதைக் கொடுங்கள், யாரையும் இடைமறிக்காதீர்கள். தமிழ்ச் சொல் நடுவில் விழுந்தால் விழட்டும். "ஷி இஸ்... கசக்கிங் தி புக்" என்றால் வாக்கியம் உயிரோடு இருக்கிறது, ஒரு சொல்தான் குறைகிறது. 'க்ரம்பிளிங்' என்று மெதுவாகக் காதில் போட்டுவிட்டு நகருங்கள்.

நீங்கள் கேட்கப் போகும் பிழைகளில் முதலிடம் கேள்வி வாக்கியத்துக்கு. "ஒய் ஷி இஸ் ரன்னிங்?" என்றுதான் பெரும்பாலும் வரும். தமிழில் 'அவள் ஓடுகிறாள்' என்பதன் முன் 'ஏன்' சேர்த்தால் கேள்வியாகிவிடுகிறது, சொற்கள் இடம் மாற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' முன்னால் தாவ வேண்டும். அப்புறம் 'எ', 'தி' இரண்டும் காணாமல் போகும், தமிழில் அவற்றுக்கு நேரான சொல் இல்லாததால். இவற்றைத் துண்டுத் தாளில் பெயர் போடாமல் குறித்துக்கொண்டு, பயிற்சி முடிந்ததும் மூன்றை மட்டும் போர்டில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். முப்பது பிழை இருந்தாலும் மூன்றுதான். மீதி அடுத்த வாரம்.

பார்த்ததைக் கதையாகச் சொல்வது

வீடியோ ஓடும்போது சொன்னதெல்லாம் "ஷி இஸ் ரன்னிங்". திரையை அணைத்துவிட்டு "என்ன நடந்தது?" என்று கேட்டால் அதே விஷயம் "ஷி ரேன்" ஆக வேண்டும். நிகழ்காலம், இறந்தகாலம் என்று பலகையில் அட்டவணை போட்டு நான் பட்ட பாட்டை இந்த ஒரு மாற்றம் தீர்த்தது. ஆட்டம் நடக்கும்போது வர்ணனை, மறுநாள் பேப்பரில் செய்தி. இப்படிச் சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

நான்கு பேர் கொண்ட குழுவாக உட்கார வைத்து, ஒருவர் ஒரு வாக்கியம், அடுத்தவர் அதன் தொடர்ச்சி என்று சுற்றவிடுங்கள். "ஃபர்ஸ்ட்", "தென்", "சடன்லி", "இன் தி எண்ட்" இந்த நான்கும் கட்டாயம் வர வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். 'சடன்லி' என்ற சொல்லை ஒருமுறை கற்றுக்கொண்டால் ஒரு மாதத்துக்கு எல்லாக் கதையிலும் போட்டுத் தாக்குவார்கள். தாக்கட்டும்.

இப்போது ஒலி

இந்த இடத்தில்தான் பாட்டைக் கேட்க விடுகிறேன். கதையை ஏற்கெனவே அவர்கள் வாயாலேயே சொல்லியிருப்பதால் வரிகள் பாதி தானே புரியும். பாடல் முழுவதையும் எடுக்காமல் பல்லவியை மட்டும் எடுங்கள். வேகத்தை 0.75 ஆக்கிக் கேட்க வையுங்கள். தாளத்துக்கு மேசையில் தட்டச் சொல்லுங்கள், எந்தச் சொல் கனமாக விழுகிறது என்று காதுக்குத் தெரியும். தமிழில் நாம் அசைகளை ஏறத்தாழ ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முக்கியமான சொல்லை அழுத்திவிட்டுச் சின்னச் சொற்களை விழுங்குவார்கள். இதை விளக்குவதைவிட மேசையில் தட்டுவது சுலபம்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. பாட்டில் உயிரொலியை இஷ்டத்துக்கு நீட்டுவார்கள், இலக்கணத்தையும் மீறுவார்கள். 'டஸின்ட்' வர வேண்டிய இடத்தில் 'டோன்ட்' வரும், இரண்டு எதிர்மறைச் சொற்கள் ஒரே வாக்கியத்தில் வரும். "இது பாட்டுக்குச் சரி, பரீட்சைக்கும் பேட்டிக்கும் வேண்டாம்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உச்சரிப்புக்கு நான் எடுப்பது ஒரு தமிழ்ப் பாட்டு: 2011ல் தனுஷ் பாடி, அனிருத் இசையமைத்து, ஊரெல்லாம் பரவிய 'ஒய் திஸ் கொலவெறி டி'. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு 'உ' ஒட்டிக்கொண்டு வருவதுதான் அந்தப் பாட்டின் அழகு. நாம் தினமும் பேசுவதும் அப்படித்தான்: பஸ்ஸு, பேங்கு, கேட்டு. தமிழில் வல்லின மெய்யில் சொல் முடியாது, முடிக்கக் குற்றியலுகரம் வேண்டும். தமிழ் வகுப்பில் படித்த அந்த இலக்கணம்தான் ஆங்கில வகுப்பில் வந்து நிற்கிறது என்று காட்டினால் பிள்ளைகளுக்கு வெட்கம் போய் வியப்பு வருகிறது. அப்புறம் விளையாட்டு: பாட்டில் வரும் ஆங்கிலச் சொற்களை 'உ' இல்லாமல் சொல்ல வேண்டும். சொல் முடிந்ததும் நாக்கையோ உதட்டையோ அதே இடத்தில் ஒரு கணம் நிறுத்தச் சொல்லுங்கள். 'எவ்ரி' என்பது 'யெவ்ரி' ஆவதையும், 'ஒன்லி' என்பது 'வொன்லி' ஆவதையும் இதே நாளில் எடுத்துவிடலாம்.

பிள்ளைகளின் குரலில்

மூன்றாவது, நான்காவது வாரத்தில் முப்பது நொடிக் காட்சி ஒன்றை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து, ஒலியில்லாத அந்தப் படத்துக்கு அவர்களே வசனமோ வர்ணனையோ எழுதிப் பேசச் சொல்லுங்கள். பேசுவதைப் போனில் பதிவுசெய்து, படத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள். தன் குரலைக் கேட்ட பிள்ளை, நீங்கள் சொல்லாமலேயே "இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்று கேட்கும். நான் எத்தனை முறை திருத்தியிருந்தாலும் அந்த இரண்டாவது தடவைக்கு ஈடாகாது. பதிவுகளை எந்தச் சமூக ஊடகத்திலும் போடாதீர்கள். பிள்ளைகளின் குரலும் முகமும் வகுப்பைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

அடுத்தடுத்த வாரங்களுக்கு

வினைச்சொற்களுக்கு 'ஓகே கோ' குழுவின் 'திஸ் டூ ஷால் பாஸ்' வீடியோவை விட நல்லது நான் பார்த்ததில்லை. அதற்கு இரண்டு வீடியோக்கள் உண்டு, நான் சொல்வது 2010ல் வந்த, ஒரு பெரிய கிடங்குக்குள் எடுத்த வீடியோ. ஒரு பொம்மை லாரி டொமினோ கட்டைகளைத் தள்ளுவதில் தொடங்கி, ஒன்று இன்னொன்றைத் தட்ட, அது மற்றொன்றை உருட்ட, பியானோ விழுந்து, டிவி உடைந்து, கடைசியில் பாடகர்கள் மேல் பெயின்ட் பீய்ச்சுவது வரை சங்கிலியாகப் போகும். புஷ், ரோல், ஹிட், ஸ்விங், ட்ராப், ஸ்மாஷ் என்று சொற்கள் கொட்டும். வேகம் அதிகம், ஆகவே இருபது இருபது நொடியாக வெட்டிப் போடுங்கள். இதே குழு 2006ல் எட்டு டிரெட்மில்கள் மேல் ஆடிய 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' வீடியோ, 'ஆன்', 'ஓவர்', 'பிட்வீன்', 'பிஹைண்ட்' போன்ற சொற்களுக்கு.

பிறகு ஒரு தமிழ் வீடியோ. தீயும் அறிவும் பாடி 2021ல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொண்டு, தமிழே தெரியாத ஒரு விருந்தாளி பக்கத்தில் இருப்பதாக வைத்து, திரையில் வருவதையும் பாட்டு சொல்வதையும் அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். இங்கே பிள்ளைகளின் நிலையே மாறுகிறது. ஆங்கிலப் பாட்டில் அவர்கள் புரியாமல் நிற்பவர்கள். இதில் எல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நிலம், பாட்டி, தாத்தா, விதை என்று சொல்ல விஷயம் நெஞ்சில் நிறைந்திருக்கும்போது, இலக்கணப் பயத்தைத் தாண்டி வாய் திறக்கிறது. என் வகுப்பில் மிக நீளமாகப் பேசிய பிள்ளை அன்றுதான் பேசினான், விவசாயக் கூலி வீட்டுப் பையன்.

மதிப்பெண் போடாதீர்கள். வருகைப் பதிவேட்டின் ஓரத்தில், அன்றைக்கு யார் யார் பேசினார்கள் என்று ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். இரண்டு வாரம் புள்ளி விழாத பெயர் இருந்தால், அந்தப் பிள்ளையை வகுப்பு நடுவே எழுப்பாமல், நல்ல தோழியோ நண்பனோ பக்கத்தில் இருக்கும் ஜோடியில் போடுங்கள்.

கேள்வி கேட்பவர்களுக்கு

"கிளாஸில் பாட்டு போட்டுக் காட்டுகிறார்களாம்" என்று பேச்சு வரத்தான் செய்யும். முதல் வகுப்புக்கு முன்பே தலைமையாசிரியரிடம் வீடியோவின் பெயரையும், எங்கே நிறுத்துவீர்கள், என்ன கேட்பீர்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பெற்றோர் யாராவது கேட்டால், வந்து கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். முதுகு காட்டிப் பேசும் பயிற்சியை ஒருமுறை பார்த்தவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பதிப்புரிமை பற்றிக் கவலைப்படுகிறவர்கள், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படிக்கலாம். கல்வி நிறுவனத்தின் பணிகளுக்காக, ஆசிரியர், மாணவர், பெற்றோர் அடங்கிய கூட்டத்துக்குள் காட்டுவதற்கு அதில் இடம் இருக்கிறது. கட்டணம் வாங்கி வெளியாட்களுக்குக் காட்டுவது வேறு கதை.

இரண்டு மாதம் போனதும் தேர்வைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு ஜோடி ஒரு வீடியோவைச் சொல்லலாம். வியாழக்கிழமைக்குள் உங்களிடம் பெயரைக் கொடுக்க வேண்டும், நீங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகே அது வகுப்புக்கு வரும். அதை எங்கே நிறுத்துவது, நிறுத்திவிட்டு என்ன கேட்பது என்று ஐந்து கேள்விகளை அவர்களே ஆங்கிலத்தில் தயாரிக்க வேண்டும். சனிக்கிழமை ரிமோட் அவர்கள் கையில். நீங்கள் திரைக்கு முதுகு காட்டும் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, என்ன நடக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள்.